எண்பத்து நான்காம் பக்கம்

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. எங்கள் நூலகத்துக்கு இப்படி ஒன்று வேண்டும் என்று ஆறு வருடம் எழுதிப் பார்த்தேன், வரவில்லை. முதுகுக்கு ஒரு தலையணையை முட்டுக்கொடுத்தே இருபத்தேழு வருடத்தையும் ஓட்டிவிட்டேன்.

நீங்கள் சிரமப்பட வேண்டாம், மேடம். நான் எதையும் மறைக்கப்போவதில்லை. என் குரல்தான் கொஞ்சம் தாழ்வாக வரும். அது தொழில் பழக்கம். அந்தப் பதிவுக் கருவியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டால் போதும்.

புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னீர்கள். ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பள்ளியில் நூலகம் இரண்டாவது மாடியில், நடையின் கடைசியில். ஜன்னல் மூன்று, அலமாரி பதினாறு, நீள மேசை நாலு. என் மேசைக்கு மேலே சுவரில் 'அமைதி' என்று ஒரு பலகை. யாராவது பேசினால் நான் அதட்ட மாட்டேன். நிமிர்ந்து பார்த்து, விரலால் பலகையைக் காட்டுவேன். அதனால் பிள்ளைகள் எனக்கு 'அமைதி மிஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மற்ற ஆசிரியர்களுக்கு வைத்த பெயர்களைக் கேட்டால் உங்களுக்கே தெரியும், எனக்கு எவ்வளவு சலுகை காட்டினார்கள் என்று.

வருகிற புத்தகம் ஒவ்வொன்றையும் நான் முழுதாகப் படித்த பிறகுதான் அலமாரிக்கு அனுப்புவேன். எத்தனை நூலகர்கள் அப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஒவ்வாத இடம் ஏதாவது கண்ணில் பட்டால், அந்த இரண்டு பக்கங்களையும் முகத்தோடு முகம் வைத்து ஒட்டிவிடுவேன். ஒரு தாளைக்கூடக் கிழித்ததில்லை. கிழித்தால் புத்தகம் தையல் விட்டுப்போகும், பார்ப்பவருக்கும் தெரியும். ஒட்டினால் தெரியாது. பக்க எண்ணைக் கவனிக்கிறவர்கள் மிகக் குறைவு. ஒரு கதையில் அப்பா குடித்துவிட்டு வருகிற இடம், இன்னொன்றில் ஒரு பையன் ஆசிரியரைத் திருப்பிக் கேட்கிற இடம், உடம்பைப் பற்றிய ஒரு புத்தகத்தில் ஆறு படங்கள். இருபத்தேழு வருடத்தில் ஒரே ஒரு பெற்றோர்கூடப் புகார் சொன்னதில்லை.

நீல அட்டைப் புத்தகம் ஒரு பெட்டியோடு வந்தது. பெட்டியில் முப்பது புத்தகம் இருந்திருக்கும். எழுதியவள் ஒரு பல் டாக்டர். நம் ஊரிலேயே கடைத்தெருப் பக்கம் அவளுடைய கிளினிக் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். நூற்று முப்பது பக்கம். மதிய இடைவேளையில் ஆரம்பித்து, கடைசி மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டேன்.

பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி. அவளுடைய அப்பாவுக்கு ஒரு சிநேகிதர். அவர் வீட்டுக்கு வாரம் மூன்று நாள் பாட்டுக் கற்றுக்கொள்ளப் போகிறாள். அங்கே அவளுக்கு என்ன நேர்கிறது என்று எழுதியவள் எங்கேயும் விவரிக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. நான் தேடிப் பார்த்தேன், இல்லை. அந்தப் பெண் முதலில் தன் சித்தியிடம் சொல்கிறாள். சித்தி, "பெரியவங்களைப் பத்தி அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று வாயை அடைத்துவிடுகிறாள். அது எண்பத்து மூன்றாம் பக்கம். அதற்கப்புறம் இன்னொருத்தரிடம் சொல்கிறாள், அவரும் நம்பவில்லை. மூன்றாவதாகப் பள்ளி வேன் ஓட்டுகிற பெண்ணிடம் சொல்கிறாள். அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கடைசிவரைக்கும் கேட்டு, "நான் நம்புறேன்" என்கிறாள். அது தொண்ணூற்று ஒன்று. மீதிப் புத்தகம் முழுக்க அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள்.

எண்பத்து நான்கிலிருந்து தொண்ணூற்று ஒன்றுவரை ஒட்டினேன். அந்த வயதுக்கு மீறிய விஷயம் என்று தோன்றியது. ஐந்து தாள் சேர்ந்து ஒரே தடித்த அட்டை மாதிரி ஆகிவிட்டது. கனமான புத்தகத்தை மேலே வைத்துக் காயவிட்டேன். மறுநாள் அலமாரியில் இருந்தது.

ஒட்டியதற்குப் பதிலாக ஒளித்து வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பதிவேட்டில் ஏறிய புத்தகம் அது. அலமாரியில் இருந்தாக வேண்டும். நான் விதிமுறைகளை மீறுகிறவள் இல்லை.

அந்தப் புத்தகத்தை முதலில் எடுத்தவள் எட்டாம் வகுப்பு ரெட்டைச்சடை. பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைப்பது என் வழக்கமில்லை, ஆனால் நீங்கள் பெயர் சொல்லக் கூடாது என்றதால் அப்படிச் சொல்கிறேன். ஒல்லியான பிள்ளை. அவளுடைய அம்மா தையல் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அப்பா இல்லை. வாய் ஓயாத பிள்ளையாகத்தான் ஆறாம் வகுப்பில் எனக்கு அறிமுகம். பலகையை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அவளுக்குக் காட்டியிருப்பேன். எட்டாம் வகுப்புக்கு வந்தபிறகு காட்ட வேண்டிய தேவையே வரவில்லை. நல்ல மாற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தகத்தை எடுத்துப்போன நாலாம் நாள் வந்தாள்.

"மிஸ், இதுல நடுவுல பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு."

"அச்சடிக்கும்போது அப்படி ஆகிடும்மா."

"சித்தி நம்ப மாட்டேங்கறாங்க. அதுக்கப்புறம் பார்த்தா அவ சந்தோஷமா இருக்கா. நடுவுல என்ன ஆச்சு மிஸ்? நீங்க படிச்சிருப்பீங்கல்ல?"

படித்திருந்தேன். பிள்ளைகளிடம் பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது ஏதாவது ஒரு பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று பட்டது.

"ஒண்ணும் ஆகலை," என்றேன். "அவ யார்கிட்டயும் சொல்லலை. கொஞ்ச நாள் பொறுமையா இருந்தா. அதுவா சரியாப் போச்சு."

"தானாவேவா?"

"தானாவே."

அவள் தவணையைப் புதுப்பித்துக்கொண்டு போனாள். அப்படி நாலு தடவை புதுப்பித்தாள். தேதியெல்லாம் பதிவேட்டில் இன்னும் இருக்கும், நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாள் மதியம் மூன்றாவது ஜன்னலருகே நின்று, அந்த ஒட்டிய அட்டையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து தாள் கனத்தில் என்ன தெரியும்? இருட்டுதான் தெரியும். ஆனாலும் மணி அடிக்கிறவரை கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பட்டியல் வேலையில் இருந்தேன்.

அந்தச் சமயத்தில் அவளுடைய அம்மா என்னைப் பார்க்க வந்தாள். ஷிஃப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தாள். சேலையெல்லாம் நூல் துணுக்கு.

"இவ டியூஷனுக்குப் போக மாட்டேங்கறா மிஸ். ஏன்னு கேட்டா ஊமை மாதிரி நிக்கறா. நீங்க சொல்லித்தான் சேர்த்துவிட்டேன். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

"கணக்குன்னா எல்லாப் பிள்ளைங்களும் இப்படித்தான். விட்டுடாதீங்க. ஒன்பதாம் வகுப்புல முழிப்பா," என்றேன்.

"நீங்க சொன்னா சரி மிஸ்," என்று அந்த அம்மாள் போய்விட்டாள். படிக்காதவர்களுக்கு நம் மேல் இருக்கிற நம்பிக்கையை நினைத்தால் சில சமயம் மனசு கஷ்டப்படும்.

அடுத்த வாரம் புத்தகம் திரும்பி வந்தது, உப்பிப்போய். வெந்நீர் ஆவியில் காட்டிப் பிரிக்கப் பார்த்திருக்கிறாள். முடியாமல், தண்ணீரிலேயே நனைத்திருக்கிறாள். பக்கங்கள் கூழாகிவிட்டன. ஒரே ஒரு மூலையில் இரண்டு சொல் தப்பித்திருந்தது. 'இன்னொருத்தர்கிட்ட சொல்லு.' 

அவள் என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நூலகத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பதினைந்து பேர் இருந்தார்கள். அவள் குரலே எழும்பவில்லை.

"மிஸ், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

நான் நிமிர்ந்து பார்த்து, பலகையைக் காட்டினேன்.

அவள் பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மெதுவாத்தான் மிஸ் சொல்வேன்," என்றாள்.

விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். பிறகு எழுந்து, அவளையும் புத்தகத்தையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனேன். பொது உடைமையைச் சேதப்படுத்தியது சின்ன விஷயமில்லை. அந்த வருடம் முடியும்வரை நூலகத்துக்குள் வரக் கூடாது என்று உத்தரவாயிற்று. தலைமையாசிரியை, "ஏன்டி இப்படிப் பண்ணே?" என்று கேட்டபோது, "கதை தெரியணும்னு," என்று மட்டும் சொன்னாள். நான் அவளுக்காகப் பரிந்து பேசினேன். பெற்றோரைக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் நான்தான். தலைமையாசிரியைக்கு நினைவிருக்கும்.

ஒரு பிரதி போனால் என்ன, இன்னொன்று இருக்குமே என்று அப்போதுதான் யோசித்தேன். பக்கத்துப் பள்ளியில் இருந்தது. பொது நூலகத்தில் மூன்று இருந்தன, ஒட்டாத பிரதிகள். அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்று எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு மனசு சரியில்லை. ஒரு புத்தகத்தை மட்டும் நீக்கச் சொல்லி எழுதினால் எல்லோருடைய கண்ணும் அந்த ஒன்றின் மேல்தான் விழும். ஏன் இதை மட்டும் என்று கேட்பார்கள். கேட்காமல் இருக்க வேண்டுமென்றால் கூட்டத்தோடு கூட்டமாக அனுப்ப வேண்டும்.

நாற்பத்தோரு புத்தகங்களின் பட்டியல் தயாரித்தேன். நீல அட்டைக்கு இருபத்து மூன்றாவது இடம் கொடுத்தேன். மற்ற நாற்பதுக்கும் காரணம் கண்டுபிடிப்பது கஷ்டமாகவே இல்லை. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எந்தப் புத்தகத்தையும் கையில் எடுத்து, இதில் என்ன தப்பு என்று பத்து நிமிடம் பார்த்தால் போதும், கிடைத்துவிடும். ஒரு வாத்துக் குஞ்சு தனியாக ஆற்றைக் கடந்து போகிற படக்கதை: வீட்டை விட்டு ஓடத் தூண்டுகிறது. ராஜாவுக்கு வாயுத்தொல்லை என்கிற வேடிக்கைக் கதை: பெரியவர்களிடம் மரியாதைக் குறைவு. அம்மாவும் அப்பாவும் பிரிந்து வாழ்கிற ஒரு கதை: குடும்ப அமைப்புக்கு எதிரானது. வெறும் கேள்விகளாகவே இருக்கிற ஒரு பாட்டுப் புத்தகம்: பதில் இல்லாமல் விடுவது குழப்பத்தை உண்டாக்கும்.

பெற்றோர் பெயரில் ஒரு மனு எழுதி, வாசலில் நின்று கையெழுத்து வாங்கினேன். யாரும் படித்துப் பார்க்கவில்லை. "பிள்ளைங்க நல்லதுக்குத்தானே மிஸ்" என்று கேட்டார்கள், "ஆமாம்" என்றேன். ரெட்டைச்சடையின் அம்மா முதல் ஆளாகப் போட்டாள். பேனாவை இறுக்கிப் பிடித்து, எழுத்துக் கூட்டி, முழுப் பெயரையும் எழுதினாள்.

கூட்டம் மாலை ஐந்தரைக்கு, நூலகத்திலேயே நடந்தது. வேலைக்குப் போகிற பெற்றோருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று அந்த நேரத்தை நான்தான் சொன்னேன். குழுவில் ஒன்பது பேர். விவாதம் பெரும்பாலும் வாத்தைப் பற்றியே நடந்தது. மருந்துக்கடைக்காரர் ஒருவர், "கடைசியில அது திரும்பி வந்துடுதா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். "அப்ப வேணாம்," என்றார். நீக்கினோம்.

எங்கள் அறிவியல் ஆசிரியர் ஒருவர்தான் கடைசிவரை மல்லுக்கு நின்றார். ஆள் சிறியவர். பிள்ளைகள் 'சுண்டெலி' என்பார்கள். எழுந்து நின்றாலும் உட்கார்ந்திருப்பது மாதிரிதான் இருக்கும்.

"படிச்சா கெட்டுப்போயிடுவாங்கன்னு சொல்றீங்க," என்றார். "இதெல்லாம் நடக்கிற வீட்டுல இருக்கிற பிள்ளை இதைப் படிக்காம இருந்தா என்ன ஆகும்? அதை யாராவது யோசிச்சீங்களா?"

"சார், நம்ம பிள்ளைங்க வீட்டுல அப்படியெல்லாம் நடக்காது," என்றார் தலைமையாசிரியை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நடந்தா சொல்லியிருப்பாங்களே."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அடுத்த மாதமே சுண்டெலியை நூலகக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, பள்ளி விடும் நேரத்தில் வாசலில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்தார்கள். விசில் ஊத அவருக்குச் சரியாக வராது. பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அன்றைக்குப் பின்வரிசையில் யாருக்கும் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையை உயர்த்தி, எழுந்து, தான்தான் அந்த நீலப் புத்தகத்தை எழுதியவள் என்றாள். யாரும் அவளை அழைக்கவில்லை.

"எந்த வரியில தப்பு இருக்குன்னு காட்டுங்க, நான் தெரிஞ்சுக்கறேன்," என்றாள்.

ஒருவரும் காட்டவில்லை. யாரும் படித்திருக்கவில்லை. படித்தது நான் ஒருத்திதான். நான் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன்.

அவள் சற்று நேரம் எங்கள் முகங்களைப் பார்த்தாள். கோபப்படவில்லை. "இந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டிய ஆளுங்க ரொம்பக் கொஞ்சம் பேர்தான்," என்றாள். "அவங்க யாரும் இந்த ரூம்ல இல்லைன்னு நம்பறேன்."

அவள் சொன்னது சரி. அவன் அந்த அறையில் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறேகால். என் தம்பி வீட்டில் இருந்தான். மற்றப் பிள்ளைகள் ஆறு மணிக்கே போயிருப்பார்கள்.

தண்ணீர் வேண்டாம், மேடம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

தம்பி என்னைவிட எட்டு வயது சின்னவன். கணக்கில் புலி. வங்கி வேலையை விட்டுவிட்டு டியூஷன் எடுக்க ஆரம்பித்தான். எங்கள் வீட்டில் கீழே முன்னறை அவனுக்கு, மாடி எனக்கு. ஐந்து மணிக்கு ஐந்தாறு பேர் வருவார்கள். எல்லாம் பெண் பிள்ளைகள்தான். ஆண் பிள்ளைகள் சத்தம் போடுவார்கள் என்பான். ஆறு மணிக்கு வகுப்பு முடியும். கணக்கைச் சரியாகப் போடாத ஒருத்தியை மட்டும் இன்னும் அரை மணி நேரம் உட்காரவைப்பான். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளை, வீட்டில் கவனிக்க ஆள் இல்லாதவர்களைப் பார்த்து நான்தான் அனுப்பிவைப்பேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். ரெட்டைச்சடையையும் அப்படித்தான் அனுப்பினேன். நூலகத்தில் உட்கார்ந்திருந்தால் எந்தப் பிள்ளைக்கு வீடு காலியாக இருக்கும் என்று தெரிந்துவிடும். மணி அடித்த பிறகும் கிளம்பாத பிள்ளைகள் அவர்கள்.

அவனுக்கு ஒரு மனைவி இருந்தாள். நாலு வருடம் இருந்தாள். போவதற்கு முன்னால் மாடிக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து ஏதோ சொன்னாள். ஒரு பிள்ளையைப் பற்றி. நான் பாதியிலேயே, "புருஷன் பொண்டாட்டி சண்டையில என்னை இழுக்காதே" என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "நீங்க இந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் அவருக்கு ஒண்ணும் ஆகாது அண்ணி. எனக்கு அதுதான் பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். நாத்தனாரை மதிக்காத பெண் என்று எல்லோரிடமும் சொன்னேன். நம்பினார்கள்.

கூட்டத்துக்குப் பிறகு பட்டியலுக்குக் கால் முளைத்துவிட்டது. பக்கத்துப் பள்ளி கேட்டது, அதற்கடுத்த பள்ளி கேட்டது. நகலெடுத்துக் கொடுத்தேன். கல்வி அலுவலகம் அதன் மேல் ஒரு சுற்றறிக்கை எண்ணைப் போட்டு எல்லா இடத்துக்கும் அனுப்பியது. சிலர் தங்கள் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வருடத்தில் நாற்பத்தொன்று இருநூற்றுப் பத்தாகிவிட்டது. அந்த இருநூற்றுப் பத்தும் என் கணக்கில் வராது என்று நினைக்கிறேன். சாக்கு மூட்டைகளில் கட்டிப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டோம். பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் நேராக 'நீக்கப்பட்டது' என்று முத்திரை குத்தினேன். ஆண்டு விழாவில் எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். இளம் மனங்களின் காவலர் என்று அதில் எழுதியிருந்தது. சட்டம் போட்டு மாடியில் மாட்டியிருந்தேன். நீங்கள் வீட்டைச் சோதனை போட்டபோது பார்த்திருப்பீர்கள்.

ரெட்டைச்சடை ஒன்பதாம் வகுப்பில் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கு வேலை மாற்றலாகி, வீடும் மாறிவிட்டது. அதனால் டியூஷனும் நின்றது. எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது என்று அப்போது எனக்கு ஒரு நிம்மதி. நான் அவளிடம் சொன்னது பொய்யாகவில்லை பாருங்கள்.

அப்புறம் நடந்ததை உங்கள் கோப்பிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். இரண்டரை வருடம் கழித்து அவளுக்குக் கடைவாய்ப்பல்லில் வலி. அம்மா கடைத்தெருக் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். காத்திருக்கும் அறையில் பழைய வாரப் பத்திரிகைகளோடு அந்த நீல அட்டைப் புத்தகம் கிடந்திருக்கிறது. நூலகம், பள்ளி, கடை என்று எல்லா இடத்திலும் தடுத்தோம். பல் டாக்டர் தன் சொந்த மேசையில் என்ன போட்டு வைக்கிறாள் என்று யார் போய்ப் பார்ப்பது. இவளுக்கு முன்னால் ஆறு பேர் இருந்திருக்கிறார்கள். எட்டுப் பக்கம் படிக்க அது தாராளமான நேரம்.

உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறாள். திறந்தவள், பல்லைக் காட்டவில்லை. "நீங்க எழுதினது எனக்கு நடந்துச்சு," என்றிருக்கிறாள். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, கதவைச் சாத்தி, வெளியே இருந்தவர்களையெல்லாம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் கேட்டிருக்கிறாள். அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் அன்றிலிருந்து தன் வலது கையால் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை, பெருவிரல் ரேகைதான் வைக்கிறாள் என்று உங்கள் ஆள் ஒருவர் சொன்னார். அது தேவையில்லாத வருத்தம். மனுவை எழுதியது நான்.

நீங்கள் தம்பியைக் கூட்டிப்போக வந்தபோது, சட்டையை மாற்றிக்கொள்கிறேன் என்றான். இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். "அக்கா, நீ பார்த்துப்பேல்ல?" என்றான். எட்டு வயதில் கேட்ட அதே குரல். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள்.

எப்போது தெரியும் என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். நேற்று எனக்குத் தலைவலி. இன்றைக்குச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

புத்தகத்தில் வரும் அந்தப் பாட்டுக்காரருக்கும் என் தம்பிக்கும் எந்த ஒற்றுமையும் கிடையாது. எண்பத்து நான்காம் பக்கத்தில் வேறொன்று இருந்தது. அந்தப் பெண் அங்கே ஒரு விஷயத்தைச் சொல்கிறாள். அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், உள்ளே பார்த்து, "அத்தை, இருக்கீங்களா?" என்று தினமும் சத்தமாகக் கேட்பாளாம். மரியாதையான பிள்ளை என்று எல்லோரும் புகழ்வார்களாம். அத்தை வீட்டில் இருக்கிற நாளில் அவளுக்கு ஒன்றும் நேராது. அதற்காகத்தான் கேட்டிருக்கிறாள்.

மதிய இடைவேளையில் அந்த வரியைப் படித்தேன். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் ஆறு மணிக்கு மாடிப்படியின் கீழேயிருந்து ஒரு குரல் வரும். "மிஸ், இருக்கீங்களா?" எத்தனையோ வருடமாக, வெவ்வேறு பிள்ளைகள், ஒரே கேள்வி. ஒருத்தி சொல்லி இன்னொருத்தி பழகிக்கொண்டார்களோ என்னவோ. நான் மாடியிலிருந்தே, "இருக்கேம்மா, படி," என்பேன். நூலகத்து மிஸ் மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று மாலை பசை காய்ந்துகொண்டிருந்தது. நான் வீட்டுக்கு வந்து மாடியில் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்குக் குரல் வந்தது. ரெட்டைச்சடையின் குரல்.

"மிஸ், இருக்கீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை.

இன்னொரு தடவை கேட்டாள். கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அசைந்தால் கட்டில் சத்தம் போடும். கீழே கதவு சாத்தும் ஓசை கேட்டது. 'இருக்கேன்' என்று நான் சொல்லியிருந்தால், தெரிந்துகொண்டு சொன்னதாக ஆகியிருக்கும். சொல்லாவிட்டால் நான் வீட்டில் இல்லை என்றுதான் அர்த்தம். வீட்டில் இல்லாதவளுக்கு எதுவும் தெரிய வழியில்லை.

அடுத்த வாரத்திலிருந்து பள்ளியிலேயே ஏழு மணிவரை இருக்க ஆரம்பித்தேன். வேலை இருந்தது. பட்டியல் போட வேண்டியிருந்தது. அவளுக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள். ஆமாம், அவர்களையும் நான்தான் அனுப்பினேன். திடீரென்று நிறுத்தியிருந்தால் ஏன் நிறுத்தினேன் என்று தம்பி கேட்டிருப்பான். அவனிடம் என்ன சொல்வது.

இவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமென்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்று மட்டும் விட்டுப்போகாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை யாரோ ஒரு பல் டாக்டரைத் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை. எங்கள் பள்ளியில் எந்தப் பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்றாலும் நேராக என்னிடம் வந்து சொல்லலாம். நான் காது கொடுத்துக் கேட்டிருப்பேன்.